110க்கு 102

2020 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு மொபைல் ஆப் படுத்துவிட்டது. டெமாக்ரடிக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற நெடும் பயணத்தில் அன்று அயோவாதான் முதல் ஊர். சுமார் 1,700 இடங்களில் கட்சிக்காரர்கள் கூடி எண்ணிய எண்ணிக்கையைத் தலைமைக்கு அனுப்பத்தான் அந்த ஆப். உள்ளே போன எண்கள் சரியாக இருந்தன, வெளியே வந்த அறிக்கையில் பாதி எண்களைக் காணோம். மறுநாள் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இதுதான் பேச்சு. உலகத்தில் யாருடைய ரிலீஸ் சொதப்பினாலும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒருநாள் சந்தோஷம் உண்டு.

ஆப் கதை ஒரு வாரத்தில் பழசாகிவிட்டது. எனக்குள் தங்கியது அந்தக் கணக்கு. அயோவாவில் நடந்தது பெட்டியில் சீட்டுப் போடுகிற தேர்தல் இல்லை. பள்ளிக்கூட ஜிம்மிலோ சர்ச் ஹாலிலோ கூடி, அவரவர் ஆளுக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில், கூட்டத்தில் 15 சதவீதம்கூடத் தேறாத குழு கலைந்து வேறு குழுவில் சேரலாம். அப்படி நின்ற தலைகளை டெலிகேட்டுகளாக மாற்ற ஒரு சூத்திரம், அதை மாநில அளவுக்கு மாற்ற இன்னொன்று, அங்கிருந்து தேசிய மாநாட்டுக்குப் போகும் 41 டெலிகேட்டுகளாக மாற்ற மற்றொன்று. ஒவ்வொரு படியிலும் பின்னங்களை முழு எண்ணாக்குகிற வேலை. கடைசியில் தலைகளின் எண்ணிக்கையில் ஆயிரக்கணக்கில் முந்தி நின்றவர் பெர்னி சாண்டர்ஸ். டெலிகேட் அதிகம் வாங்கியவர் பீட் புட்டிஜெஜ், 14க்கு 12. 2008இல் டெக்சாஸிலும் இதே கூத்துதான். பிரைமரி ஓட்டில் ஜெயித்தது ஹிலாரி கிளின்டன். அன்று இரவே நடந்த காக்கஸையும் சேர்த்துக் கூட்டியபோது டெலிகேட் அதிகம் எடுத்தது ஒபாமா, 99க்கு 94.

“இதெல்லாம் அவங்க ஊர் வம்புங்க. நம்ம ஊர்ல கட்சிக்குள்ள எங்க எலெக்‌ஷன்? தலைவர் சொன்னா முடிஞ்சது” என்றார் எங்கள் டீமின் சீனியர் ஒருவர். இன்றைய நிலைமைக்கு அது சரிதான். ஆனால் நான் ராஜபாளையத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து ஒருவர் முதலமைச்சராகச் சென்னைக் கோட்டைக்குப் போனது கட்சிக்குள் நடந்த எண்ணிக்கையால். அவர் கோட்டையை விட்டு இறங்கியது, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த வேறொரு எண்ணிக்கையால். இரண்டுக்கும் நடுவில் மூன்றே வருஷம். இந்த இரண்டு எண்ணிக்கைகளும் எப்போது ஒத்துப்போகும், எப்போது ஒத்துப்போகாது என்பதுதான் சில வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம்.

கதையைப் பத்து வருஷம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1939 ஜனவரி 29. காங்கிரஸ் தலைவர் தேர்தல். சுபாஷ் சந்திர போஸ் இரண்டாம் முறையாக நிற்கிறார், எதிரில் காந்தியின் ஆதரவோடு பட்டாபி சீதாராமையா. அபுல் கலாம் ஆசாத் முன்பே விலகிவிட்டார். இந்தத் தேர்தல் நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும்: போஸ் ஜெயித்தார், பட்டாபியின் தோல்வி தன் தோல்வி என்று காந்தி சொன்னார். ஓட்டுப் போட்டது யார் என்பது அந்த வரியில் இருக்காது.

ஓட்டுப் போட்டது பிரதிநிதிகள். 1920 நாக்பூர் மாநாட்டில் காங்கிரஸ் தன்னை மொழிவாரி மாகாணங்களாகப் பிரித்துக்கொண்டது. பிரிட்டிஷ் அரசுக்கு அது மெட்ராஸ் மாகாணம். காங்கிரசுக்கு அதே நிலம் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் என்று தனித்தனி. (1969இல் அரசாங்கம் சூட்டிய பெயர் கட்சியின் லெட்டர்பேடில் ஐம்பது வருஷம் முன்னாலேயே இருந்தது.) வருஷத்துக்கு நாலணா கட்டினால் நீங்கள் உறுப்பினர். உறுப்பினர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள், பிரதிநிதிகள் தலைவருக்கு ஓட்டுப் போடுவார்கள். அவரவர் மாகாணத்திலேயே வாக்குப்பதிவு, பிறகு மாகாணவாரியாக எண்ணிக் கூட்டல். அமெரிக்க பிரைமரி வரைபடத்தை டிவியில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்.

முடிவும் அந்த வரைபடம் போலத்தான் வந்தது. வங்காளம் போசுக்கு 404, பட்டாபிக்கு 79. ஆந்திரம் தன் மண்ணின் மைந்தருக்கு 181, போசுக்கு 28. குஜராத்தில் போசுக்குக் கிடைத்தது 5, பட்டாபிக்கு 100. மொத்தத்தில் போஸ் 1,580 ஓட்டு வாங்கி, சுமார் 200 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாடு? போசுக்கு 110, பட்டாபிக்கு 102.

இந்த 110க்கு 102ஐ யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. கூட்டல் கழித்தலில் பார்த்தால் அது ஒன்றுமே இல்லைதான். வங்காளம் 325 ஓட்டு முன்னிலை கொடுக்கிறது, ஆந்திரம் 153ஐப் பிடுங்கிக்கொள்கிறது, நாம் 212 பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு நிகரமாகக் கொடுத்தது 8. ஆனால் அன்றைக்கு மெட்ராஸ் மாகாணத்தின் பிரதமர் ராஜாஜி. முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். அவர் மேலிடத்தின் தூண். ஆட்சி கையில், காந்தியின் சம்பந்தி, பட்டாபி பக்கம். குஜராத்தில் படேலுக்கு இருந்த பிடி இங்கே ராஜாஜிக்கு இருந்திருந்தால் கணக்கு 5க்கு 100 மாதிரி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். அன்று கருத்துக்கணிப்பு என்ற சமாச்சாரம் இங்கே கிடையாது. என் வாசிப்பில், தமிழ்நாடு காங்கிரசுக்குள் ராஜாஜிக்கு எவ்வளவு செல்வாக்கு என்று எடுத்துப் பார்த்த முதல் கணிப்பு இந்த 110க்கு 102தான். அவர் பெயர் சீட்டிலேயே இல்லை என்றாலும்.

போசுக்கு அந்த வெற்றி எதற்கும் உதவவில்லை. காரியக் கமிட்டியில் பெரும்பாலோர் ராஜினாமா செய்தார்கள். மார்ச்சில் திரிபுரி மாநாடு. காந்தியின் விருப்பப்படிதான் காரியக் கமிட்டியை அமைக்க வேண்டும் என்று கோவிந்த வல்லப பந்த் தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. ஆறு வாரம் முன்பு போசை ஜெயிக்க வைத்த அதே அமைப்பில் இது எப்படி நடந்தது? காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் நடுநிலை வகித்தார்கள், அதனால். இந்த ‘நடுநிலை’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்திலும் வரும். ஏப்ரல் 29ஆம் தேதி போஸ் ராஜினாமா செய்தார்.

தேர்தல் முடிந்த கையோடு காந்தி விட்ட அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. காங்கிரஸ் உறுப்பினர் பதிவேடுகளில் போலிப் பெயர்கள் ஏராளம் என்றார். தோற்ற கோபத்தில் சொன்னது என்று தள்ளிவிடலாம். ஆனால் நாலணாவை உறுப்பினரே கட்டினாரா, அவருக்காக ஊர்ப் பெரியவர் மொத்தமாகக் கட்டினாரா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? பிரதிநிதிகளை எண்ணுவது சுலபம். பிரதிநிதிகளை உருவாக்குகிற உறுப்பினர் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமமே. டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேள்வியை எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் டேபிளில் இருப்பதுதான் வரும்.

இதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். விருதுநகர் காமராஜ்.

1940 பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல். ராஜாஜி அணியின் ஆள் கோவை சி.பி.சுப்பையா. சத்தியமூர்த்தி அணியின் ஆள் 36 வயது காமராஜ். முடிவு 103க்கு 100. போட்டவர்கள் 203 பேர், ஜெயித்தது மூன்று ஓட்டில். இரண்டே இரண்டு பேர் அன்று மனசு மாறியிருந்தால் தமிழ்நாட்டின் அடுத்த முப்பது வருஷம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று தோன்றும். இந்த மாதிரி ‘இப்படி நடந்திருந்தால்’ விளையாட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் மூன்று ஓட்டு என்பது கையை வைத்து எண்ணக்கூடிய தூரம். ஜெயித்த சீடர் தன் குருநாதர் சத்தியமூர்த்தியைச் செயலாளராக வைத்துக்கொண்டார். சிறு இடைவெளியோடு 1954 வரை கட்சித் தலைமை அவரிடம்தான்.

அந்தப் பதினான்கு வருஷத்தில் அவர் செய்தது என்ன? எந்த ஊரில் யார் தொண்டர், யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் யாருக்கு மாமன் மச்சான் என்பதையெல்லாம் தலைக்குள் ஏற்றிக்கொண்டார். மேடைப் பேச்சில் அவர் சத்தியமூர்த்தி இல்லை. எழுத்தில் ராஜாஜி இல்லை. ஓட்டுப் பெட்டி திறப்பதற்கு முன்பே முடிவு தெரிந்த ஆள். பின்னாளில் அவரைக் ‘கிங்மேக்கர்’ என்று பத்திரிகைகள் எழுதின. நான் அவரைக் கணக்குப்பிள்ளை என்றுதான் நினைத்துக்கொள்வேன், மரியாதையோடுதான்.

ஆனால் கணக்குப்பிள்ளைக்கும் கணக்குத் தப்பிய இடம் உண்டு. 1946 தேர்தலில் மெட்ராஸ் மாகாணத்தைக் காங்கிரஸ் பிடித்தது. சட்டமன்றக் கட்சித் தலைவர் யார்? 1942 போராட்டத்தில் ஒதுங்கி நின்ற ராஜாஜியை மறுபடி கொண்டுவர மேலிடத்துக்கு ஆசை. காந்தியே வந்து பேசினார். ராஜாஜியை எதிர்ப்பவர்களைக் கோஷ்டி என்கிற பொருள்பட அவர் எழுத, அதில் மனம் நொந்து காமராஜ் பார்லிமென்டரி போர்டிலிருந்து விலகிய கதையும் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர்களோ மேலிடத்தின் யோசனையை 148க்கு 38 என்று தள்ளிவிட்டார்கள். அந்தச் சட்டமன்றத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லாரும் இருந்தார்கள். ஆந்திரத்தின் பிரகாசம் ஒரு பக்கம். காமராஜ் நிறுத்திய சி.என்.முத்துரங்க முதலியார் மறுபக்கம். பிரகாசம் 82, முத்துரங்க முதலியார் 69. ராஜாஜியின் ஆதரவாளர்கள் நடுநிலை. வித்தியாசம் 13. முந்தைய ஓட்டெடுப்பில் ராஜாஜிக்குக் கைதூக்கியவர்கள் 38. தாங்கள் ஜெயிக்க முடியாத ஒரு போட்டியில், காமராஜ் ஜெயிக்காமல் இருக்கும்படி அவர்களால் பார்த்துக்கொள்ள முடிந்தது.

அதற்கப்புறம் காமராஜ் ஆந்திரக் கூட்டணிகளையும் சேர்த்துத்தான் எண்ணினார். ஒரே வருஷத்தில் பிரகாசம் போனார், 1947 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். 1948இல் மறுபடி ஓட்டெடுப்பு, ஓமந்தூரார் 112, பிரகாசம் 84. ஓமந்தூரார் சிபாரிசுக்கு மசியாத மனிதர். சிபாரிசோடு வந்த எம்எல்ஏக்களுக்கு அது பிடிக்கவில்லை. அவரைப் பற்றி மேலிடத்துக்குப் புகார்கள் போயின. 1949இல் அவர் நாற்காலியை விட்டு எழுந்து போக, ஏப்ரல் 6ஆம் தேதி அதில் உட்கார்ந்தவர் ராஜபாளையம் பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா.

ஏன் அவர்? காமராஜின் ஆதரவு என்பது தெரிந்த பதில். எனக்கு அதில் இன்னொரு கணக்கும் தெரிகிறது. ராஜபாளையத்து ராஜுக்கள் பல நூற்றாண்டு முன்பு ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். தமிழ் மாவட்டத்து உறுப்பினர், ஆனால் ஆந்திர உறுப்பினர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொள்ளக்கூடிய ஆள். தமிழர் ஓட்டும் தெலுங்கர் ஓட்டும் சேர்ந்தால்தான் பெரும்பான்மை என்கிற சபைக்கு இதைவிடப் பொருத்தமான ஆளைத் தேட முடியாது. நல்ல மனிதர் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பஞ்சாயத்து அரசியலிலிருந்து வந்து, 1934இல் மத்திய சட்டசபைக்குப் போனவர். சொந்த வீட்டை ஊருக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைக்கும் ராஜபாளையத்தில் இருக்கிற காந்தி கலை மன்றம். எங்கள் ஊரில் சங்கீதக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களில் பாதிப்பேர் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான்.

அவர் ஆண்ட மூன்று வருஷம் கெட்ட காலம். மழை பொய்த்தது, ராயலசீமையில் பஞ்சம், மாகாணம் முழுக்க அரிசிக்கு ரேஷன். நெசவாளர்களுக்கு நூல் கிடைக்காத கஷ்டம். இடஒதுக்கீட்டுக்கான கம்யூனல் ஜி.ஓ.வை 1950இல் உயர்நீதிமன்றமும் 1951இல் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்று அடித்தது அவர் காலத்தில்தான். அதிலிருந்துதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. பிறகு 1952 ஜனவரி. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு.

என் தாத்தா அப்போது மில்லில் சேர்ந்திருந்த இளைஞர். அவருக்கு அது முதல் ஓட்டு. ஓட்டுச்சீட்டில் எந்தப் பெயரும் இருக்காதாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன் மேல் சின்னம் ஒட்டியிருக்கும், நமக்குப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். “நம்மூர் ராஜா நிக்காரு, அவருக்குப் போடாம யாருக்குத் தாத்தா போட்டீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “ஏய்யா, ராஜா நல்லவருதான். யாரு இல்லேன்னா? வீட்ல அரிசி இல்லையேய்யா” என்றார். யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

பதவியிலிருந்த முதலமைச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார். அவருடைய அமைச்சர்கள் பக்தவத்சலமும் கோபால ரெட்டியும்கூடத் தோற்றார்கள். 375 பேர் கொண்ட சபையில் காங்கிரசுக்கு 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62.

இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தகவல் வருகிறது. அந்தத் தேர்தலில் சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்தே வாக்குப்பதிவு. நாடாளுமன்றத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே ஒரு தொகுதி இருந்தது, இன்னும் பரந்தது. அதில் காங்கிரஸ் வேட்பாளர் ஜெயித்தார். அவர் பெயர் காமராஜ். ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிகிற அதே நிலத்தில், ஒரே கட்சி, ஒரே இரட்டைக்காளைச் சின்னம். முதலமைச்சரை இறக்கிவிட்டு, அவரை முதலமைச்சராக்கியவரை டெல்லிக்கு அனுப்பி வைத்தார்கள். இரண்டு தொகுதிகளின் எல்லையும் ஒன்றில்லை, எதிர்த்து நின்றவர்களும் வேறு, அதனால் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது முழுக்க நியாயம் ஆகாது. ஆனாலும் அரிசிக்காக மட்டும் கோபப்பட்ட ஜனம் காங்கிரஸ் பெட்டி இரண்டையும் காலியாக விட்டிருக்க வேண்டும். அவர்கள் ஆட்சியில் இருந்தவரையும் கட்சியில் இருந்தவரையும் பிரித்துப் பார்த்துத்தான் சீட்டைப் போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். (அரசு முத்திரையில் இருப்பது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரைக் கோபுரமா என்கிற பஞ்சாயத்தை இங்கே எடுக்கவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும், தலையில் ஹெல்மெட்டும் வேண்டும்.)

152ஐ வைத்துக்கொண்டு ஆட்சி அமைக்க முடியாது. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து தங்களிடம் 166 பேர் இருப்பதாகச் சொன்னார்கள். யாரிடமும் 188 இல்லை. அப்போதுதான் காங்கிரஸ், தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை அழைத்து வந்தது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி நீதிமன்றம் வரை போயும் நிற்கவில்லை. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி போன்றவர்களின் ஆதரவைத் திரட்டி, ஜூலையில் நம்பிக்கை ஓட்டெடுப்பில் 200க்கு 151 என்று ராஜாஜி ஜெயித்தார். 152 எப்படி 200 ஆகும் என்று கேட்கிற மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ரேஷனை நீக்கியதும் அவர்தான். குமாரசாமி ராஜாவைத் தோற்கடித்த அரிசிப் பிரச்சினையில் ராஜாஜி எடுத்த அந்த ஒரு முடிவு ஜனங்களிடம் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

அந்த நல்ல பெயரை 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டம் தின்றுவிட்டது. குலக்கல்வி என்ற பெயரோடு அது தெருவுக்குத் தெரு எரிந்த கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம். எண்ணிக்கை சம்பந்தமாக அந்த வருஷம் நடந்தது வேறு. அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. ஒரே நாளில் சட்டமன்றக் காங்கிரசின் வாக்காளர் பட்டியல் மாறிவிட்டது. பதின்மூன்று வருஷமாகத் தமிழ்நாடு காங்கிரஸ் அமைப்பைக் கையில் வைத்திருந்தவருக்கு இப்போது சபையும் ஏறக்குறைய அதே எல்லைக்கு வந்து நின்றது. ராஜாஜி விலகினார். தன் ஆளாக சி.சுப்பிரமணியத்தை நிறுத்தினார். 1954 மார்ச் 30ஆம் தேதி: காமராஜ் 93, சுப்பிரமணியம் 41.

103க்கு 100இல் தொடங்கி 93க்கு 41 வரை பதினான்கு வருஷம். அப்போது காமராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்பி என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டசபையில் இடம் இல்லை. மேலவைக்கு ஒரு நியமனம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், இரண்டே வருஷத்துக்கு முந்தைய முன்மாதிரி கண்முன் இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் போய் நின்றார். பெரியாரும் திமுகவும் ஆதரித்தார்கள். ஜெயித்தார். தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கிக்கொண்டார். இந்த மொத்த வரலாற்றில் உள்கணக்கையும் வெளிக்கணக்கையும் சில மாத இடைவெளியில் இரண்டையும் எழுதிப் பாஸானவர் அவர் ஒருவர்தான். ராஜாஜி இரண்டாவதை எழுதவில்லை. குமாரசாமி ராஜாவுக்கு முதலாவது கிடைத்து, இரண்டாவது போனது. அவர் பிறகு ஒரிசா ஆளுநராக இருந்தார். 1957 மார்ச்சில் காலமானார். அதே 1957இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவர் முத்துராமலிங்கத் தேவர். போஸ் காங்கிரஸ் தலைவர் பதவியிலிருந்து விலகித் தொடங்கிய பார்வர்ட் பிளாக்கின் தமிழ்நாட்டு முகம்.

இதற்கப்புறம் கதை சட்டென்று மெலிகிறது. நேரு இறந்த 1964இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் காமராஜ். அடுத்த பிரதமர் யார்? மொரார்ஜி தேசாய் போட்டிக்குத் தயார். காமராஜ் ஓட்டெடுப்பு வைக்கவில்லை. எம்பிக்களையும் முதலமைச்சர்களையும் தனித்தனியாகப் பார்த்து நாடி பிடித்தார். பிறகு, பெரும்பான்மைக் கருத்து லால் பகதூர் சாஸ்திரி பக்கம் என்று அறிவித்தார். அதற்கு ‘கருத்தொற்றுமை’ என்று பெயர். அதாவது ஒரு கருத்துக்கணிப்பு. கணிப்பு நடத்தியவர் ஒருவர், எண்கள் அவர் தலைக்குள், வெளியே வந்தது முடிவு மட்டும். அவர் நேர்மையாகத்தான் எண்ணியிருப்பார் என்று நம்புகிறேன். எண்ணியதை யாரும் சரிபார்க்க முடியாது என்பதுதான் தொந்தரவு. அயோவா ஆப் சொதப்பியபோது ஒவ்வொரு இடத்திலும் காகிதத்தில் எழுதி வைத்த கணக்கு இருந்தது, அதை வைத்து மறுபடி கூட்ட முடிந்தது. 1966இல் சாஸ்திரி இறந்தபோது மொரார்ஜி விடவில்லை, ஓட்டெடுப்பு நடந்தே தீர வேண்டியிருந்தது: இந்திரா காந்தி 355, மொரார்ஜி 169. அடுத்த வருஷம் விருதுநகரில், ஊர் ஊராக ஒவ்வொரு தொண்டனையும் தெரிந்த அந்தக் கணக்குப்பிள்ளை, ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல், மாநிலத் தலைவர்கள் கையிலிருந்த டெலிகேட்டுகளை வைத்தே டெமாக்ரடிக் வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே இளைஞர்கள் அடி வாங்கினார்கள். அதற்குப் பிறகு மெக்கவர்ன்-பிரேசர் கமிஷன் விதிகளை மாற்றியது, டெலிகேட் என்பவர் சாதாரண வாக்காளர் சொன்னதைச் சுமந்து போகிறவரானார். இன்று நாம் ஸ்கிரீனில் பார்க்கிற அத்தனை பிரைமரி கலாட்டாவும் அந்தக் கோபத்தின் வழி வந்தது. நம் பக்கம் ஓட்டெடுப்பு அறையையே சாத்தினோம். பொதுக்குழு கூடும், ‘ஏகமனதாக’ என்ற சொல் வரும், கைதட்டல். 2017 பிப்ரவரியில் அதிமுக எம்எல்ஏக்களைக் கூவத்தூர் ரிசார்ட்டில் தங்கவைத்து நடந்த 122க்கு 11 நினைவிருக்கும். கணக்கு மாறக் கூடாது என்பதற்காக எண்ணப்பட வேண்டியவர்களையே ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட தேர்தல் அது.

காங்கிரசில் தலைவர் தேர்தல் அபூர்வமாக நடப்பதுண்டு. 1997இல் சீதாராம் கேசரி 6,224, சரத் பவார் 882, ராஜேஷ் பைலட் 354. 2000இல் சோனியா காந்தி 7,448, ஜிதேந்திர பிரசாதா 94. இந்த எண்களைப் பார்த்துவிட்டு 103க்கு 100ஐப் பார்த்தால் அது வேறு ஏதோ நாட்டில் நடந்தது போல இருக்கிறது.

கடைசியாக நடந்தது 2022 அக்டோபர் 17. மல்லிகார்ஜுன கார்கேவும் சசி தரூரும். 1939 போலவே பிரதிநிதிகள் அவரவர் மாநிலத்தில் ஓட்டுப் போட்டார்கள். சென்னையில் வாக்குப்பதிவு நடந்தது சத்தியமூர்த்தி பவனில், காமராஜின் குருநாதர் பெயர் தாங்கிய கட்டடத்தில். பெட்டிகள் டெல்லிக்குப் போயின. இரண்டு நாள் கழித்து முடிவு: கார்கே 7,897, தரூர் 1,072, செல்லாதவை 416. எந்த மாநிலத்துப் பிரதிநிதிகள் யாருக்குப் போட்டார்கள் என்று பிறகு அடையாளம் கண்டு யாரையும் சங்கடப்படுத்திவிடக் கூடாதே என்பதற்காக, எண்ணுவதற்கு முன் எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினார்கள். தரூர் தரப்பும் அதைத்தான் விரும்பியது. அதனால் 1939இல் தமிழ்நாடு எப்படி ஓட்டுப் போட்டது என்று எனக்கு ஓட்டுக்கு ஓட்டு தெரியும். 2022இல் எப்படிப் போட்டது என்று கார்கேவுக்கும் தெரியாது.